நிரலர்களுக்கு முதலில் ஒரு கோடு வரையச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். இணையப் பக்கங்களை இயங்க வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் மொழி பற்றி வந்த பாடங்களை வெட்டி எடுத்து வைத்துக்கூட இருக்கிறேன். சண்டைக்கு வரவில்லை, ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். எந்தப் பாடத்தை எடுத்தாலும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற ஒரு படிவம், இல்லை இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டுகிற ஒரு பொத்தான், இல்லை செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. இணையப் பக்கத்தில் ஸ்கிரிப்ட் எழுதிப் படம் வரையலாம், கோடு, வட்டம், துள்ளி ஓடுகிற பந்து எல்லாம் பத்துப் பதினைந்து வரியில் வந்துவிடும் என்பதை ஒரு வாரமாவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடம் வேலை பார்த்த நிரலர்களே, தரவுத்தளத்திலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருவார்கள், ஆனால் திரையில் குறுக்கே ஒரு கோடு போடு என்றால் எந்த லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பை, போடலாம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வேலையிடத்தில் ஒருமுறை ஒரு வரைபடம் கேட்டார்கள். ஏதோ ஒரு லைப்ரரியை இறக்கி, எண்களைக் கொடுத்து, அழகாக ஒரு கோட்டு வரைபடம் காட்டிவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் ஒருவர் வந்து, இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மட்டும் கோட்டைப் புள்ளி புள்ளியாக ஆக்க முடியுமா, அங்கே தரவு இல்லை அல்லவா என்று கேட்டார். அந்த லைப்ரரியில் அதற்கு வழியே இல்லை, அல்லது இருந்தும் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அதன் உள்ளே நுழைந்து துழாவினேன். நான்காம் நாள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கேன்வாஸில் நானே வரைந்தேன். மாலைக்குள் முடிந்துவிட்டது. அந்த மூன்று நாள் வீணானதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸ் என்பது இணையப் பக்கத்தை எழுதுகிற எச்டிஎம்எல் மொழியில் போடுகிற ஒரு சாதாரணக் குறிச்சொல். படம், பத்தி போல அதுவும் பக்கத்தில் ஒரு செவ்வக இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அளவு எதுவும் சொல்லாவிட்டால் 300 படப்புள்ளி அகலம், 150 உயரம். பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளைதான். ஸ்கிரிப்டிலிருந்து அதனிடம் "டூ-டி" கான்டெக்ஸ்ட் வேண்டும் என்று கேட்டால் கையில் ஒரு பேனா கிடைத்த மாதிரி. இங்கே போய் நில், அங்கே வரை கோடு இழு, இந்த நிறத்தால் நிரப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். இதற்கு எதையும் நிறுவ வேண்டாம், எந்தக் கணக்கும் திறக்க வேண்டாம், ஒரு நோட்பேடும் ஒரு உலாவியும் போதும். நிரல் கற்றுக்கொடுக்க இவ்வளவு குறைந்த முன்னேற்பாடு கேட்கிற வேறு இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதிலேயே முதல் ஆச்சரியம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வரைபடத் தாளில் ஒய் அச்சு மேல்நோக்கிப் போகும். இங்கே கீழ்நோக்கி. தொடக்கப் புள்ளி இடது மேல் மூலை. பழைய குழாய்த் திரைகளில் மின்கற்றை மேலே இடது மூலையிலிருந்து தொடங்கி வரி வரியாகக் கீழே இறங்கி வந்தது, நாமும் எழுத்தை அப்படித்தான் மேலிருந்து கீழே எழுதுகிறோம், அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. லாபம் ஏறுவதைக் காட்ட நான் வரைந்த முதல் வரைபடத்தில் கோடு அழகாகச் சரிந்து போனது. பார்த்தவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் என் முக்கியமான பேச்சு இருக்கிறது. படிவம் எழுதிப் பழகும்போது தப்பு செய்தால் என்ன நடக்கும்? சிவப்பு எழுத்தில் ஒரு ஆங்கில வரி வரும், இல்லை ஒன்றுமே வராது. வரைந்து பழகும்போது தப்பு செய்தால் அந்தத் தப்பு திரையில் வரைந்து நிற்கும். கோடு தலைகீழாகப் போகும், வட்டம் முட்டையாகும், பந்து சுவருக்குள் புதைந்துவிடும். எங்கே பிசகியது என்பதைப் படமே சொல்லிவிடும். 1967ல் சீமோர் பாப்பர்ட், வாலி ஃபெயர்ஸெய்க், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள், பிறகு அதில் ஒரு ஆமை வந்து சேர்ந்தது. முன்னால் 100 அடி போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு என்று குழந்தை சொல்லும், ஆமை போன வழியெல்லாம் கோடு விழும். நான்கு முறை சொன்னால் சதுரம். ஒருமுறை 80 என்று சொல்லிவிட்டால் சதுரம் மூடாது, ஏன் மூடவில்லை என்று குழந்தையே தலையைச் சொறியும். அன்றைக்குக் குழந்தைகளுக்குக் கிடைத்தது இன்றைக்கு வேலை பார்க்கிற நிரலருக்குக் கிடைக்காமல் போவது கொஞ்சம் வேடிக்கைதான்.

முட்டை என்றேனே, அது கேன்வாஸைத் தொடுகிற கிட்டத்தட்ட எல்லோரும் விழுகிற குழி. கேன்வாஸுக்கு அகலமும் உயரமும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. குறிச்சொல்லுக்குள்ளேயே கொடுப்பது ஒன்று, அது உண்மையில் எத்தனை படப்புள்ளிகள் என்பது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ்ஸில் கொடுப்பது இன்னொன்று, அது பக்கத்தில் எவ்வளவு இடம் அடைக்க வேண்டும் என்பது. நாம் எல்லாவற்றையும் சிஎஸ்எஸ்ஸில் கொடுத்தே பழகியவர்கள், அதனால் அங்கே 400க்கு 400 என்று எழுதிவிடுவோம். உள்ளே இருப்பதோ அதே பழைய 300க்கு 150தான். உலாவி என்ன செய்யும் பாவம், இருக்கிற சின்னப் படத்தைப் பிடித்து இழுத்து அந்த இடத்தை நிரப்பும். நாம் கொடுத்த வட்டம் நெடுக நீண்டு, ஓரமெல்லாம் மங்கி நிற்கும். வட்டம் வரைகிற வரியில் தப்பு தேடித் தேடி ஒரு மதியமே போயிருக்கிறது எனக்கு. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் கைபேசித் திரையில் படம் ஏன் மங்கலாகத் தெரிகிறது என்பதும் கூடவே புரிந்துவிடும். கைபேசியில் நாம் ஒரு படப்புள்ளி என்று நினைப்பது உண்மையில் இரண்டுக்கு இரண்டாகவோ மூன்றுக்கு மூன்றாகவோ இருக்கும். உள் அளவை அந்த விகிதத்தால் பெருக்கிவிட்டு, வெளி அளவை அப்படியே வைத்து, பேனாவையும் அதே விகிதத்துக்குப் பெரிதாக்கிவிட்டால் கோடு கூர்மையாக வரும். இன்னொன்று, அகலத்தைத் திரும்ப ஒருமுறை எழுதினாலே, அதே எண்ணாக இருந்தாலும், கேன்வாஸ் மொத்தமாகத் துடைத்துவிடப்படும். இது தெரியாமல் திரை அளவு மாறும்போதெல்லாம் படம் எங்கே போகிறது என்று தேடியவர்கள் நிறையப் பேர்.

சரி, இன்னும் மோசமான ஒன்று சொல்கிறேன். சுற்றுகிற ஒரு முள்ளை வரைந்தேன். முதலில் நன்றாகத்தான் சுற்றியது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் தள்ளாடுகிறது, அப்புறம் கணினியின் விசிறி இரைய ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய படத்தை அழித்துவிட்டுத்தானே வரைகிறேன், எங்கிருந்து இவ்வளவு வேலை வந்தது? காரணம் ஒரே ஒரு வரி. புதிய பாதை தொடங்கப் போகிறேன் என்று சொல்லும் "பிகின்-பாத்" என்ற ஆணையை விட்டுவிட்டிருந்தேன். கேன்வாஸில் திரையை அழிப்பது வேறு, பாதையை மறப்பது வேறு. நாம் சொன்ன கோடுகளையெல்லாம் அது ஒரு பட்டியலாக மனதில் வைத்துக்கொண்டே இருக்கும், தீட்டு என்று சொன்னவுடன் அந்தப் பட்டியல் முழுவதையும் தீட்டும். நொடிக்கு 60 முறை வரைந்தால் ஒரு நிமிடத்தில் 3,600 கோடுகள் சேர்ந்துவிடும், அடுத்த முறை வரையும்போது அத்தனையையும் மறுபடி தீட்ட வேண்டும். முள் சுற்றியது ஒன்று, நிரல் சுமந்தது ஆயிரக்கணக்கில். நிறம் மாறுவதிலும் இதே கூத்து நடக்கும். நீலத்தில் ஒரு கோடு தீட்டிவிட்டு அடுத்ததைச் சிவப்பில் தீட்டினால் முந்தையதும் சிவப்பாகிவிடும். என்னிடம் இது பற்றிக் கேட்டு வந்தவர்கள் எல்லோருமே உலாவியில் ஏதோ பிழை என்றுதான் ஆரம்பித்தார்கள்.

ஒரு படப்புள்ளித் தடிமனில் கோடு போட்டால் இரண்டு புள்ளி அகலத்தில் சாம்பல் நிறமாக வருவதும் உண்டு. இடத்தைச் சொல்ல நாம் கொடுக்கிற எண் குறிப்பது புள்ளிகளுக்கு நடுவில் உள்ள எல்லையை, புள்ளியின் மையத்தை அல்ல. கோடு எல்லையின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக விழுகிறது. அரைப் புள்ளி தள்ளி வரைந்தால் தீர்ந்தது.

முதல் பயிற்சி என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் நான் கடிகாரம் என்றுதான் சொல்வேன். பந்து துள்ளுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கடிகாரத்தில்தான் எல்லாமும் வந்து சேர்கிறது. மணி முள் ஒரு மணிக்கு 30 பாகை, நிமிட முள் ஒரு நிமிடத்துக்கு 6 பாகை, இது சின்ன வகுப்புக் கணக்கு. ஆனால் கேன்வாஸ் பாகையில் பேசாது, ரேடியனில்தான் பேசும், அதனால் பை (π) என்ற எண்ணால் பெருக்கி 180ஆல் வகுக்க வேண்டும். சைன், கொசைன் எதற்குப் படித்தோம் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் கிடைக்கும், முள்ளின் நுனி எங்கே இருக்க வேண்டும் என்று அவைதான் சொல்கின்றன. எல்லாம் சரியாகப் போட்டு ஓட்டிப் பார்த்தால் 12 மணிக்கு முள் 3ஐக் காட்டும். ஏனென்றால் கோணத்தின் சுழியம் வலப்பக்கம் இருக்கிறது, மேலே இல்லை. 90 பாகை கழித்தால் சரியாகிவிடும். பள்ளியில் கோணம் இடஞ்சுழியாக வளரும் என்று படித்தோம், இங்கே ஒய் கீழ்நோக்கிப் போவதால் அது வலஞ்சுழியாக வளர்கிறது, கடிகாரத்துக்கு அது வசதியாகவே போய்விட்டது.

அதன் அடுத்த கட்டத்தில் சைனும் கொசைனும் இல்லாமலே அதே கடிகாரத்தை வரையச் சொல்ல வேண்டும். முள்ளைத் திருப்பாமல் தாளைத் திருப்புவது. தாளின் தொடக்கப் புள்ளியை நடுவுக்கு நகர்த்தி, தாளையே கோணம் பார்த்துச் சுழற்றி, நேராக மேலே ஒரு கோடு போட்டுவிட்டு, தாளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். "சேவ்", "ரெஸ்டோர்" என்று இரண்டு ஆணைகள் இதற்காகவே இருக்கின்றன. சேவ் போட்டு ரெஸ்டோர் போட மறந்தவனின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமே, நிமிட முள் மணி முள்ளின் கோணத்தையும் சேர்த்துக்கொண்டு சுற்றும், நொடி முள் இரண்டையும் சுமந்துகொண்டு எங்கேயோ நிற்கும். சிரிப்பு வரும், ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மாற்றங்கள் என்றால் என்ன என்பது அதற்கப்புறம் மறக்கவே மறக்காது. பிற்காலத்தில் முப்பரிமாணத்துக்குப் போகிறவர்களுக்கு இதே யோசனைதான் அணிகளாக, மேட்ரிக்ஸ் என்கிறோமே, அந்த உருவில் வந்து நிற்கும்.

அசைவு பற்றியும் ஒரு அனுபவம். படம் நகர வேண்டும் என்றால் சின்னச் சின்ன இடைவெளியில் அழித்து அழித்து வரைய வேண்டும். அதற்கு "ரிக்வெஸ்ட்-அனிமேஷன்-ஃபிரேம்" என்று ஒன்று இருக்கிறது. அடுத்த முறை திரையைப் புதுப்பிக்கும்போது என்னைக் கூப்பிடு என்று உலாவியிடம் சொல்லி வைப்பது. பக்கம் பின்னால் மறைந்திருந்தால் பொதுவாக அது கூப்பிடாது, மின்சாரமும் மிச்சம். நான் ஒவ்வொரு கூப்பிடலுக்கும் பந்தை 3 புள்ளி நகர்த்தியிருந்தேன். என் திரையில் அழகாக உருண்டது. சக ஊழியர் ஒருவரின் கணினியில் பந்து கண்ணுக்கே பிடிபடாமல் பறந்தது. அவருடைய திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கிற வகை, என்னுடையது 60. அதாவது என் பந்து அங்கே 2.4 மடங்கு வேகம். கூப்பிடும்போது உலாவி நேரத்தையும் சேர்த்தே தருகிறது. போன முறைக்கும் இந்த முறைக்கும் எத்தனை மில்லிநொடி கழிந்தது என்று பார்த்து, வேகத்தை அந்த நேரத்தால் பெருக்கி நகர்த்த வேண்டும். தூரம் என்பது வேகம் பெருக்கல் நேரம், இதைத்தான் இயற்பியலில் படித்தோம், ஆனால் அந்தப் பந்து பறந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

இது எங்கிருந்து வந்தது என்பதை இரண்டு வரியில் சொன்னால் போதும். கேன்வாஸை 2004ல் ஆப்பிள் நிறுவனம் மேக் கணினியின் டாஷ்போர்டு குட்டிச் செயலிகளுக்காகக் கொண்டுவந்தது, ஃபயர்பாக்ஸ் 2005ல் தன் 1.5 பதிப்பில் எடுத்துக்கொண்டது, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2011ல் 9ஆம் பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை இணையத்தில் அசைவு என்றாலே உலாவியோடு தனியாகச் சேர்க்கிற ஃபிளாஷ் மென்பொருள்தான். அந்த ஃபிளாஷும் 2020 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஃபிளாஷ் காலத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது, படம் வரைகிறவர்கள் நிரல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள், நிரல் எழுதுகிறவர்கள் படம் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கதவு மூடியதிலிருந்து இரண்டு கூட்டமும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டதாக எனக்கு ஒரு எண்ணம்.

எஸ்விஜி பற்றிச் சொல்லாமல் விட்டால் விஷயம் தெரிந்தவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். படத்தை உருவம் உருவமாகப் பக்கத்திலேயே எழுதி வைக்கிற முறை அது, கேன்வாஸை விட மூத்தது, 2001லேயே உலகளாவிய இணையக் கூட்டமைப்பு அதைத் தரமாக அறிவித்துவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நினைவில்தான். கேன்வாஸில் ஒரு வட்டம் வரைந்துவிட்டால் அதற்கப்புறம் அங்கே வட்டம் என்று எதுவும் இல்லை, நிறம் மாறிய புள்ளிகள் மட்டும்தான். அந்த வட்டத்தைச் சுட்டியால் தொட்டார்களா என்று நீங்கள்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். எஸ்விஜியில் வட்டம் வட்டமாகவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதைச் சொடுக்கினால் அதுவே பதில் சொல்லும், சிஎஸ்எஸ்ஸால் நிறம் மாற்றலாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. அப்படியானால் எல்லாவற்றுக்கும் எஸ்விஜியே போதாதா? போதாது. நாற்பது ஐம்பது உருவம் என்றால் எஸ்விஜி சுகம். பத்தாயிரம் துகள்கள் பறக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு உலாவி மூச்சு வாங்கும், அங்கே மறதிக்கார கேன்வாஸ்தான் சரி. ஸ்கிரிப்டில் எஸ்விஜி உருவம் உருவாக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக ஒரு உறுப்பை உருவாக்குகிற ஆணையைப் போட்டால் பிழைச் செய்தியும் வராது, படமும் வராது. இது எஸ்விஜி உறுப்பு என்று அடையாளம் சொல்கிற பெயர்வெளியோடு சேர்த்து உருவாக்குகிற தனி ஆணை இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். படமே தப்பைச் சொல்லிவிடும் என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அதற்கு இது விதிவிலக்கு, ஒப்புக்கொள்கிறேன்.

இனி நம் எழுத்து விஷயம். ஆங்கிலப் பாடங்களில் இது வராது என்பதால் உங்கள் இதழ்தான் எழுத வேண்டும். கேன்வாஸில் தமிழ் எழுதச் சொன்னால் ஒழுங்காகவே எழுதும், முழுச் சொல்லாகக் கொடுத்தால். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்ற வைக்கலாம், வளைந்த கோட்டின் மேல் எழுத்துகளை வரிசையாக உட்கார வைக்கலாம் என்று ஆசைப்பட்டு, ஆங்கிலப் பாடத்தில் சொன்னபடி சொல்லைத் துண்டு துண்டாக்கினால் வந்தது வினை. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டுப் பாருங்கள், 5 என்கும். நமக்கு அது மூன்று எழுத்து. அதன் கணக்கில் த ஒன்று, ம ஒன்று, இகரக் கொக்கி தனியாக ஒன்று, ழ ஒன்று, புள்ளி தனியாக ஒன்று. இப்படி வெட்டி ஒவ்வொன்றாக வரைந்தால் கொக்கியும் புள்ளியும் அநாதையாக, புள்ளிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். "கொ" போன்ற எழுத்தில் இன்னும் வேடிக்கை, ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பும் பின்னால் வர வேண்டிய காலும் ஒரே குறியீடாக ககரத்துக்கு அப்புறம் வரும். தமிழ் தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், நமக்குத்தான் வயிறு எரியும். இதற்கு இப்போது உலாவிகளிலேயே "இன்டல்-செக்மென்டர்" என்று ஒரு வசதி இருக்கிறது. அதனிடம் கொடுத்தால் த, மி, ழ் என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாகவே பிரித்துத் தரும். அகலத்தை அளக்க வேறு ஆணை இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது.

எழுத்துரு விஷயமும் உண்டு. இணையத்திலிருந்து இறக்குகிற எழுத்துரு வந்து சேருவதற்குள் கேன்வாஸ் எழுதிவிட்டால், கணினியில் இருக்கிற ஏதோ ஒரு எழுத்துருவில் எழுதிவிட்டு அப்படியே இருந்துவிடும். சாதாரணப் பத்தியாக இருந்தால் எழுத்துரு வந்ததும் தானே மாறிக்கொள்ளும், கேன்வாஸுக்குத்தான் நினைவே கிடையாதே. எழுத்துரு வந்துவிட்டதா என்று கேட்டுக் காத்திருந்து எழுத வேண்டும். என் கணினியில் அந்த எழுத்துரு ஏற்கெனவே இருந்ததால் எனக்கு மட்டும் எப்போதும் சரியாகத் தெரிந்தது. மற்றவர்கள் சொன்ன புகாரை நான் இரண்டு வாரம் நம்பவே இல்லை.

உங்கள் இணையப் பதிப்பையும் கொஞ்சம் இழுக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். செய்திகளோடு வருகிற வரைபடங்களை நிழற்படம் போல ஒட்டிவிடுகிறீர்கள். கைபேசியில் விரலால் பெரிதாக்கினால் எண்கள் கரைந்துபோகின்றன. கண் தெரியாத வாசகர்களின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம், உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எஸ்விஜியில் வரைந்தால் எண்களும் பெயர்களும் எழுத்தாகவே இருக்கும், தலைப்பும் விளக்கமும் உள்ளேயே கொடுக்கலாம். கேன்வாஸில் வரைந்தால் இந்த வசதி தானாக வராது, குறிச்சொல்லின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் அதே விவரத்தை ஒரு அட்டவணையாகவாவது எழுதி வைக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது, திரைவாசிப்பு மென்பொருள் படிக்கும். பாடத்தில் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடாமல் முதல் படம் வரையும்போதே சொல்லிவிடுவது நல்லது, கடைசி வாரம் யாரும் படிப்பதில்லை.

லைப்ரரியே கூடாது என்கிறேனா? இல்லை. வரைபடங்களுக்கு 2011ல் வந்த டி3 இருக்கிறது, கலை நோக்கில் வரைய பி5 இருக்கிறது, முப்பரிமாணத்துக்கு த்ரீ இருக்கிறது. கேன்வாஸில் முப்பரிமாணம் வரைகிற வெப்ஜிஎல்லில் ஒரே ஒரு முக்கோணம் வரைய எத்தனை வரி எழுத வேண்டும் என்று பார்த்தவர்கள் த்ரீயைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் அவை எல்லாம் கடைசியில் போய் நிற்பது இதே கேன்வாஸிலும் எஸ்விஜியிலும்தான். அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு லைப்ரரியை எடுப்பவர், அது மக்கர் செய்தால் எங்கே தட்டுவது என்று தெரிந்து தட்டுவார். தெரியாதவர் என்னைப் போல மூன்று நாள் துழாவுவார்.

இதையெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நொடியில் எழுதித் தந்துவிடுகிறதே, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதித் தருகிறது, நானும் கேட்டு வாங்குகிறேன். ஆனால் தந்ததை ஓட்டிப் பார்க்கும்போது வட்டம் முட்டையாக வந்தால், முட்டையாக வருகிறது என்று மட்டும் சொல்லத் தெரிந்தவருக்கும், உள் அளவும் வெளி அளவும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்கும் கிடைக்கிற பதில் ஒன்றாக இருப்பதில்லை. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் கணினிப் பக்கத்தில் ஆறு ஏழு வாரம் இதற்கென்று ஒதுக்குங்கள். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதுங்கள், மாறி என்றால் என்ன, சுழற்சி என்றால் என்ன என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். முதல் மூன்று வாரம் எந்த லைப்ரரியின் பெயரும் வர வேண்டாம். ஒவ்வொரு வாரமும் சரியான நிரலோடு சேர்த்துத் தப்பான ஒரு படத்தையும் அச்சிட்டு, எந்த வரி விட்டுப்போனதால் இப்படி ஆனது என்று கேளுங்கள், பதில் எழுதிக் குவிக்க என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் ஒரே ஒரு திருத்தம் செய்துகொள்ளலாம். கடிகாரப் பத்தியில் கோணத்தின் சுழியம் எங்கே என்று சொல்கிற வரியையும் 90 பாகை கழிக்கிற வரியையும் மட்டும் வெட்டிவிடுங்கள். 12 மணிக்கு முள் ஏன் 3ல் போய் நிற்கிறது என்று படிக்கிறவர்களும் கொஞ்சநேரம் திணறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கணினிப் பக்கத்தை வெட்டிச் சேர்க்கும் ஒரு நிரலர்